எண்ணியது யார்?

கோத்தகிரியில் இரண்டு நாள் பயிற்சி.
பதினான்கு பள்ளிகளின் மக்கள் தொடர்பு அலுவலர்கள்.
கழுத்தில் அட்டை,
அதில் எங்கள் பெயரைவிடப் பெரிதாகப் பள்ளியின் பெயர்.

எங்களை யாரும் பார்த்ததில்லை.
'நிர்வாகம் தெரிவித்துக்கொள்கிறது' என்ற வரியில்
நிர்வாகத்துக்குப் பின்னால்
தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாங்கள்தான்.
மழை விடுமுறையை விடியுமுன் அறிவித்து
பிள்ளைகளிடம் புண்ணியமும்
பெற்றவர்களிடம் வசவும் வாங்குபவர்கள்.

தேநீர் இடைவேளையில்தான் பயிற்சியே தொடங்கியது.
யோகேஸ்வரி, கூடலூர்:
விளையாட்டுத் திடலில் யானை நின்ற காலையில்
'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதச் சொன்னாராம் தாளாளர்.
"யானைன்னே எழுதிட்டேன். ஒரு போன்கூட வரல."
வில்பிரட், குன்னூர்:
கட்டண உயர்வுக் கடிதத்தை ஒன்பது முறை திருத்தி
பத்தாவதாக முதல் பிரதியையே அனுப்பியவர்.
பெள்ளிராஜ், கட்டபெட்டு:
போன மாதம்வரை நூலகர்,
இன்னும் தாழ்ந்த குரல்தான்.

மதியம், கோவையிலிருந்து வந்த பயிற்சியாளர்
திரையில் ஒரு கேள்வி போட்டார்:
நெருக்கடியில் முதல் அறிவிப்பு எத்தனை நிமிடத்தில்?
பதினைந்து என்றோம், முப்பது என்றோம்,
தாளாளர் தூங்கி எழும்வரை என்றார் வில்பிரட்.
சிரித்துக்கொண்டிருந்தபோது
அவருடைய கைபேசி அதிர்ந்தது.

அந்த முகம் எங்களுக்குத் தெரியும்.
ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டுக்கொண்டது.

மேட்டுப்பாளையத்தில் போட்டி முடிந்து திரும்பும் பேருந்து.
பர்லியாருக்கும் காட்டேரிக்கும் நடுவில் மண்சரிவு.
முப்பத்தொரு பிள்ளைகள்.
அதற்குள் பெற்றோர் குழுவில் யாரோ
'பஸ் உருண்டுடுச்சாம்' போட்டாகிவிட்டது.

எழுதத் தெரிந்த பதினான்கு பேர், ஒரே மேசை.
'அனைவரும் பத்திரமாக உள்ளனர்' என்று எழுதினேன்.
கைப்பழக்கம்.
பெள்ளிராஜ் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்:
"எண்ணியது யார்?"

எவருக்கும் தெரியவில்லை.

யோகேஸ்வரி ஓட்டுநரை அழைத்துக்கொண்டே இருந்தாள்.
இருவர் பெற்றோரின் அழைப்புகளை ஏந்திக்கொண்டார்கள்,
தங்கள் பள்ளியே அல்லாத பள்ளிக்காக.
பதினோராவது முறை ஹனீபா எடுத்தார்.
மழைக்கு மேலே குரல் எழுப்பி எண்ணினார்.
இருபத்தெட்டில் ஒரு பையன்,
"என்னை ரெண்டு தடவ எண்ணிட்டீங்கண்ணே."
மறுபடி ஒன்றிலிருந்து.
பயிற்சியாளரும் எங்களோடு விரல் மடக்கினார்.

முப்பத்தொன்று.

பிறகு எழுதினோம், நான்கு வரி.
சரிவுக்கு இருநூறு அடி முன்பே பேருந்து நின்றுவிட்டது.
எண்ணியவர் ஹனீபா, எண்ணிய நேரம் மூன்று நாற்பத்திரண்டு.
பேருந்து கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும்.
அடுத்த தகவல் நாலே காலுக்கு,
தகவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
'வருந்துகிறோம்' எங்கும் இல்லை.
கையெழுத்துக்குக் காத்திருக்கவும் இல்லை.
திரையில் இன்னும் எரிந்துகொண்டிருந்த கேள்விக்கு விடை:
இருபத்தாறு நிமிடம்.

முதல் பதில் ஒரு தகப்பனிடமிருந்து:
'தர்ஷன் ஸ்வெட்டர் போட்டிருக்கானா?'

இதற்கு எந்தக் கையேட்டிலும் மாதிரி வாக்கியம் கிடையாது.
வில்பிரட் மூக்கைத் துடைத்துக்கொண்டு
மறுபடி ஹனீபாவை அழைத்தார்.
"இடுப்புல கட்டிருக்கான் சார். போடச் சொல்றேன்."

ஏழரை மணிக்கு, குஞ்சப்பனை ஏறி,
மூடுபனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்காக
அந்தப் பேருந்து எங்கள் வாசலிலேயே வந்து நின்றது.
எங்கள் இரவுச் சாப்பாட்டைப் பிள்ளைகள் காலி செய்தார்கள்.
நாலுக்குப் பூஜ்யம் தோற்ற கதையைச்
ஜெயித்தவர்கள்போலச் சொன்னார்கள்.
நாங்கள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

பதினான்கு பேரும் தனித்தனியாக,
உதடு அசையாமல்,
எண்ணிக்கொண்டிருந்தோம்.
யோகேஸ்வரிக்கு முப்பதுதான் வந்தது.
எனக்கும்.
மறுபடி ஒன்றிலிருந்து.

கழிப்பறைப் பக்கமிருந்து
ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டபடி
ஒருவன் வந்தான்,
இன்னொரு சப்பாத்தி இருக்கா என்று கேட்டுக்கொண்டு.